கேஸ் இன்டர்வியூவுக்கு எத்தனை நாள் தயாராக வேண்டும்?

கேள்வி இதுதான். மெக்கானிக்கல் படித்துவிட்டு நான்கு வருடமாகச் சென்னையில் அனலிட்டிக்ஸ் வேலை பார்க்கிறீர்கள், எம்பிஏ இல்லை. மெக்கின்சி, பிசிஜி (பாஸ்டன் கன்சல்டிங் குரூப்), பெய்ன் மாதிரியான, மற்ற நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் கன்சல்டிங் கம்பெனிகளுக்கு விண்ணப்பிக்க ஆசை. ஒரு கம்பெனியின் பிரச்சினையைக் கொடுத்து அலசச் சொல்லும் கேஸ் இன்டர்வியூவுக்கு ஒருவர் இரண்டு வாரம் போதும் என்கிறார், இன்னொருவர் ஆறு மாதம் வேண்டும் என்கிறார். யாரை நம்புவது?

இரண்டு பேருமே அவரவர் கதையைச் சொல்கிறார்கள். உங்கள் நிலைமைக்கு ஒரே எண்ணாகச் சொல் என்றால் ஏழெட்டு வாரம் என்பேன். வேலை நாட்களில் தினம் ஒரு மணி நேரம், சனி ஞாயிறு மூன்று மூன்று மணி நேரம். மொத்தம் 80, 90 மணி நேரம் வரும். அதற்குள் எதிரில் ஓர் ஆள் உட்கார்ந்து கேள்வி கேட்டு நீங்கள் வாய்விட்டுப் பதில் சொல்லும் கேஸ் 25, 30 முடிந்திருக்க வேண்டும். தனியாகப் படித்ததை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். நீச்சலைப் பற்றிப் படித்ததை நீந்திய நேரமாக யாரும் எழுதுவதில்லை.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், முதல் முறை எழுபதுக்கும் மேல் கேஸ் பண்ணிவிட்டுப் போய்த் தோற்றவன் நான். நாலரை மாதம் தயாரானேன். ஆபீஸ் முடிந்து வந்து இரவு பதினொன்று வரை. இன்டர்வியூவில் ஒரு விமான நிறுவனத்தின் லாபம் பற்றிக் கேட்டார்கள். கேள்வி முடிவதற்குள் என் மண்டைக்குள் மணி அடித்துவிட்டது. ஏற்கெனவே பண்ணிய கேஸ் மாதிரியே இருக்கிறதே! எரிபொருள், குத்தகை, பைலட் சம்பளம், விமான நிலையக் கட்டணம் என்று ஒப்பிக்க ஆரம்பித்தேன். எதிரில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் சரக்கு விமானத்தைப் பற்றிக் கேட்டேன். நீங்கள் பயணி டிக்கெட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்" என்றார். அங்கேயே முடிந்துவிட்டது. இரண்டு வருடம் கழித்து மறுபடி போனபோது ஏழு வாரம்தான் தயாரானேன், 26 கேஸ். கிடைத்தது. அப்புறம் சில வருடம் நாற்காலியின் மறுபக்கம் உட்கார்ந்து நானே கேள்வி கேட்டேன்.

கேஸ் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு கம்பெனியின் பிரச்சினையைச் சொல்லி, அரை மணி நேரத்தில் அதை நீங்கள் எப்படிப் பிரித்து யோசிக்கிறீர்கள், என்ன கேட்கிறீர்கள், எப்படிக் கணக்கு போடுகிறீர்கள், கடைசியில் என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். ஒரு பேனா, சில வெள்ளைத் தாள். கால்குலேட்டர் கிடையாது.

சொல்வதைவிட ஒன்றைப் போட்டே காட்டிவிடுகிறேன். பயிற்சிக்கு வருகிறவர்களிடம் நான் கேட்கும் கேஸ் இது. சென்னையில் இட்லி மாவு பாக்கெட் விற்கும் ஒரு கம்பெனி. கடைக்காரர் கமிஷன் போகக் கம்பெனி கைக்கு வருவது பாக்கெட்டுக்கு 50 ரூபாய். போன வருடம் மாத விற்பனை 2 கோடி, லாபம் 20 லட்சம். இந்த வருடம் விற்பனை 2.2 கோடிக்கு ஏறிவிட்டது, லாபமோ 8 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. 50 ரூபாய் மாறவில்லை. என்ன ஆயிற்று?

பத்தில் எட்டுப் பேர் ஒரே பாதையில் போவார்கள். லாபம் என்றால் வரவில் செலவைக் கழிக்க வேண்டும். விற்ற பாக்கெட் 4 லட்சத்திலிருந்து 4.4 லட்சம் ஆகியிருக்கிறது, நல்லது. செலவு 1.8 கோடியிலிருந்து 2.12 கோடி ஆகியிருக்கிறது. பாக்கெட்டுக்கு 45 ரூபாயாக இருந்தது 48 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. இதுவரை தப்பில்லை. இதற்குப் பிறகுதான் பட்டியல் ஆரம்பிக்கும். அரிசி விலை ஏறியதா? இல்லை. உளுந்து? இல்லை. கரண்ட் பில்? டீசல்? ஆள் கூலி? ஒவ்வொன்றுக்கும் நான் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல முகம் வெளிறும். பத்து நிமிடம் காலி.

ஒரு பெண் வந்தார். அவரும் வரவு, செலவு என்று கிளை பிரியும் அதே மரத்தைத்தான் தாளில் வரைந்தார். அரிசி விலைக்குப் போவதற்கு முன் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "மாவு இரண்டு மூன்று நாளில் புளித்துவிடுமே, விற்காத பாக்கெட் திரும்பி வருமா? வந்தால் அந்த நஷ்டம் யார் தலையில்?" கம்பெனி தலையில்தான் என்றேன். "அப்படியென்றால் விற்றது எவ்வளவு என்று தெரியும், அரைத்தது எவ்வளவு?" அந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். போன வருடம் மாதம் 4.2 லட்சம் பாக்கெட் தயாரித்தார்கள், இந்த வருடம் 5 லட்சம். அவர் வகுத்தார். 1.8 கோடியை 4.2 லட்சத்தால் வகுத்தால் 43 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. 2.12 கோடியை 5 லட்சத்தால் வகுத்தால் 42 ரூபாய் 40 காசு. ஒரு பாக்கெட் தயாரிக்கும் செலவு ஏறவே இல்லை, சொல்லப்போனால் கொஞ்சம் குறைந்திருக்கிறது! புளித்துத் திரும்பியது 20,000 பாக்கெட்டிலிருந்து 60,000 ஆகியிருக்கிறது. அதிகப்படியாக வந்த அந்த 40,000 பாக்கெட்டின் செலவு மட்டும் 17 லட்சத்தைத் தொடுகிறது.

அதற்குப் பிறகு பேச்சு தானாக ஓடியது. புதிதாகப் பிடித்த கடைகள் புறநகரில், பாதிக் கடையில் ஃப்ரிட்ஜ் கிடையாது. விற்பனைப் பையன்களுக்குக் கடையில் இறக்கிய பாக்கெட் கணக்கில் ஊக்கத்தொகை, விற்ற கணக்கில் இல்லை. திரும்பி வந்ததைக் கழித்து ஊக்கத்தொகை கொடுங்கள், ஃப்ரிட்ஜ் இல்லாத கடைக்குத் தினமும் கொஞ்சமாகப் போடுங்கள், அதற்கும் கட்டுப்படியாகாத கடையை விட்டுவிடுங்கள் என்று முடித்தார். 24 நிமிடம்.

அவர் தயாரானது ஐந்து வாரம், 18 கேஸ். அவருக்கு முந்தைய வாரம் அரிசி, உளுந்து என்று போய் மாட்டிக்கொண்டவர் 60 கேஸ் பண்ணியவர். இதைக் கேட்டு 18 போதும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவருடைய அப்பா மளிகைக் கடை வைத்திருந்தாராம். திரும்பி வரும் சரக்கு, தேதி முடிந்த பாக்கெட், சரக்கு போட வரும் லைன் ஆளுடன் சண்டை எல்லாம் சின்ன வயதிலிருந்தே பார்த்தவர். அவருடைய தயாரிப்பு இருபது வருடம் முன்பே தொடங்கிவிட்டது என்றுதான் கணக்கு வைக்க வேண்டும். ஆளுக்கு ஆள் காலம் மாறுவது இதனால்தான்.

ஆகவே முதல் வாரத்திலேயே எதுவும் படிக்காமல் மூன்று கேஸ் பண்ணிவிடுங்கள். மோசமாகத்தான் போகும், போகட்டும். எங்கே இடறுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த மூன்று. கணக்கில் இடறினால் சரி செய்வது சுலபம், ஆனால் நாள் பிடிக்கும். தினம் கால் மணி நேரம், மூன்று வாரம், விடாமல். 12 கோடியை 400ஆல் வகுப்பது, 37 சதவீதம் எடுப்பது மாதிரி. நம்மவர்களுக்கு இன்னொரு தனித் தொல்லை உண்டு. லட்சம் கோடியில் யோசித்துவிட்டு மில்லியன் பில்லியனில் பேச வேண்டிய இடத்தில் ஒரு சைபர் காணாமல் போகும். 1 கோடி 10 மில்லியன், 100 கோடி 1 பில்லியன். துபாய், சிங்கப்பூர் ஆபீசுக்குப் போகிற எண்ணம் இருந்தால் முதல் நாளிலிருந்தே மில்லியனில் கணக்கு போட்டுப் பழகுங்கள். அனலிட்டிக்ஸில் இருப்பதால் கணக்கு தண்ணீர்பட்ட பாடு என்று நினைப்பீர்கள். உங்களுக்காக எக்செல் கணக்கு போட்டு நான்கு வருடம் ஆகிறது என்பதை மறக்க வேண்டாம்.

பிரச்சினையைப் பிரிப்பதில் இடறினால் இரண்டு மூன்று வாரம். இதைத்தான் மீசி (MECE) என்பார்கள், ஒரு பிரிவு இன்னொன்றின் மேல் ஏறாமல், எதையும் விட்டுவிடாமல் கூறு போடுவது. மெக்கின்சியில் இருந்த பார்பரா மின்டோ பரப்பிய சொல். இதற்கு முழு கேஸ் தேவையே இல்லை. பஸ்ஸில் போகும்போது எதிரில் தெரியும் எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தியேட்டர் எப்படிச் சம்பாதிக்கிறது? இந்தப் பெட்ரோல் பங்கில் ஏன் கூட்டம் இல்லை? இரண்டு நிமிடத்தில் மூன்று நான்கு கூறாகப் பிரியுங்கள். மனப்பாடம் செய்த ஃப்ரேம்வொர்க்கை, அதாவது எல்லாக் கேள்விக்கும் போடும் ரெடிமேட் சட்டகத்தை, பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார்கள். காலையிலிருந்து அதே நான்கு பெட்டியை ஏழு பேர் வரைந்து காட்டியிருப்பார்கள்.

வாய்விட்டு யோசிப்பதுதான் நம்மில் பலருக்கு உண்மையான மலை. பள்ளிக்கூடத்திலிருந்து விடை தெரிந்தால் மட்டும் வாயைத் திறந்து பழகியவர்கள் நாம். கேஸில் பாதி யோசனையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். "இதை இரண்டாகப் பார்க்கப் போகிறேன், முதலாவது பெரிதாகத் தெரிகிறது, அதிலிருந்து தொடங்கலாமா?" என்கிற மாதிரி. தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் ஆங்கிலத்தை நினைத்துக் கூடுதலாக ஒரு மாதம் ஒதுக்குகிறார்கள். இலக்கணப் பிழைக்காக ஒருவரை நான் நிராகரித்ததில்லை. மூன்று நிமிடம் மௌனமாக உட்கார்ந்திருந்தவர்களை நிராகரித்திருக்கிறேன். யோசிக்க ஒரு நிமிடம் கேட்பது முழுக்க சரி. கேட்டு வாங்கிய மௌனம் வேறு, சொல்லாமல் கொள்ளாமல் மூழ்கிப் போவது வேறு.

கேஸ் பார்ட்னர், அதாவது பயிற்சியில் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்கும் ஆள் விஷயத்தில்தான் பெரும்பாலோர் நாளை வீணாக்குகிறார்கள். உங்களை மாதிரியே புதியவர் ஒருவருடன் முதல் பத்து கேஸ் பண்ணலாம், அதற்கு மேல் பண்ணினால் இருவரும் ஒரே தப்பைச் சேர்ந்து மெருகேற்றுவீர்கள். "நல்லா பண்ண மச்சான், கடைசியில் கொஞ்சம் அவசரப்பட்ட" என்பதெல்லாம் ஃபீட்பேக்கே இல்லை. மூன்று நான்கு பேர் வேண்டும், அதில் ஒருவராவது அந்தக் கம்பெனிகளில் வேலை பார்த்தவராக இருக்க வேண்டும். அவரைச் சும்மா தொந்தரவு செய்யாமல் ஐந்தாவது வாரத்துக்கு மேல் இரண்டு கேஸுக்கு மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள், எல்லாருக்கும் அந்தப் பதற்றம் நினைவிருக்கும். ஒவ்வொரு கேஸ் முடிந்ததும் நோட்டில் ஒரே ஒரு தப்பை எழுதுங்கள். அடுத்த இரண்டு கேஸில் அதை மட்டும் கவனியுங்கள். என் முதல் முயற்சியின் நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன். ஒன்பதாவது கேஸுக்கு எதிரே "கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை" என்று இருக்கிறது. நாற்பத்தி நான்காவதுக்கு எதிரேயும் அதேதான்.

கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டு, ஆனால் அதற்காகத் தனியாக மாதக்கணக்கு வேண்டாம். மெக்கின்சியில் கேள்வி கேட்பவரே கையைப் பிடித்து அடுத்தடுத்த கேள்விக்கு அழைத்துப் போவார். பிசிஜி, பெய்னில் பெரும்பாலும் வண்டியை நீங்கள்தான் ஓட்ட வேண்டும். இன்டர்வியூவுக்கு முன்னாலேயே மெக்கின்சியின் சால்வ் என்கிற கணினி விளையாட்டு மாதிரியான வடிகட்டல்களும் இருக்கும், அதற்கு இரண்டு மூன்று மாலை போதும். மூன்று கம்பெனிகளும் தங்கள் தளத்திலேயே பயிற்சி கேஸ்களை இலவசமாக வைத்திருக்கின்றன. முதலில் அவற்றை முடியுங்கள், அப்புறம் மற்றதைத் தேடலாம்.

எல்லாரும் மறந்துவிட்டு முந்தின நாள் இரவு தேடுவது சொந்தக் கதைப் பகுதியை. மெக்கின்சியில் ஒவ்வொரு இன்டர்வியூவிலும் கேஸுக்கு அளிக்கும் முக்கியத்துவம் இதற்கும் உண்டு. ஒரே ஒரு சம்பவத்தை எடுத்து, அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார், அடுத்து என்ன செய்தீர்கள் என்று கிணறு தோண்டுவது மாதிரி தோண்டுவார்கள். உங்கள் 80 மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இதற்கு. இங்கேயும் நம்மவர்களின் சுபாவம் குறுக்கே வரும். "நாங்கள் செய்தோம், எங்கள் டீம் முடிவெடுத்தது" என்றே சொல்வார்கள், நான் செய்தேன் என்று சொல்லக் கூச்சம். தற்பெருமை பேசாதே என்று வளர்க்கப்பட்டவர்கள். நான்கு முறை "சரி, அதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டும் பதில் வராமல் போன நல்ல பையன்கள் உண்டு. மூன்று சம்பவத்தைத் தேர்ந்தெடுத்து, வீட்டில் யாரிடமாவது சொல்லிக் காட்டுங்கள். கன்சல்டிங் தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது.

கல்லூரியில் இருந்தபடி இதைப் படிப்பவர்களுக்குக் காலண்டரே முடிவு செய்துவிடும். ஐஐடிகளில் இறுதி வருடப் பிளேஸ்மென்ட் டிசம்பர் 1 அன்று தொடங்குகிறது, கன்சல்டிங் கம்பெனிகள் முதல் நாட்களிலேயே வரும். அப்படியென்றால் அக்டோபர் தொடக்கத்தில் உட்கார்ந்தால் சரியாக எட்டு வாரம். ஐஐஎம்களில் ஜூன் வாக்கில் சேர்ந்து அந்த ஆண்டின் பின்பாதியிலேயே சம்மர் பிளேஸ்மென்ட் (கோடை இன்டர்ன்ஷிப்புக்கான தேர்வு) வந்துவிடும், மூச்சு விட நேரம் இருக்காது. அமெரிக்க எம்பிஏவில் ஆகஸ்ட், செப்டம்பரில் சேர்ந்தால் ஜனவரியில் இன்டர்ன்ஷிப் இன்டர்வியூ, கிறிஸ்துமஸ் விடுமுறை முழுக்க கேஸிலேயே போகும். இவர்களுக்கெல்லாம் ஒரு வசதி, ஹாஸ்டல் கதவைத் தட்டினால் பார்ட்னர். ஷார்ட்லிஸ்ட் ஆனவர்களுக்குக் கம்பெனியே சீனியர்களை வழிகாட்டியாகக் கொடுப்பதும் உண்டு. வெளியிலிருந்து விண்ணப்பிக்கும் உங்களுக்கு அது எதுவும் இல்லை என்பதால்தான் வாரத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன்.

அப்புறம், விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு அழைப்பு வந்ததும் தொடங்கலாம் என்று இருக்காதீர்கள். அழைப்புக்கும் இன்டர்வியூவுக்கும் நடுவே பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம்தான் கிடைக்கும். தோற்றுவிட்டால் மறுபடி விண்ணப்பிக்க ஒன்றிரண்டு வருடம் காத்திருக்கச் சொல்வது வழக்கம். நான்கு வாரம் தயாராகிவிட்டு விண்ணப்பம் போட்டால் கணக்கு சரியாக வரும்.

ஆறு மாதக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முப்பது கேஸைத் தாண்டிய பிறகு ஒரு கட்டம் வரும். கேள்வியைக் கேட்டதும் ஆர்வம் வராது, அலுப்பு வரும். அது பழைய கேஸ் எதையாவது நினைவுபடுத்தும். தாளில் கை தானாகக் கோடு போடும். அது வந்துவிட்டால் ஒரு வாரம் கேஸ் பக்கமே போகாதீர்கள். தினமும் பிசினஸ் பேப்பரில் ஒரு கம்பெனியைப் பற்றிப் படியுங்கள், அல்லது தெருமுனை டீக்கடைக்காரரிடம் பால் எவ்வளவுக்கு வாங்குகிறார் என்று கேளுங்கள். நான் நாற்பதாவது கேஸில் நிறுத்தியிருந்தால் சரக்கு விமானம் காதில் விழுந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

பத்து நாள்தான் இருக்கிறது என்றால்? தினம் ஒரு கேஸ், கால் மணி நேரம் கணக்கு, இரண்டு சொந்தக் கதை. ஃப்ரேம்வொர்க் புத்தகம் எதையும் திறக்க வேண்டாம், குழப்பம்தான் மிஞ்சும். காசு கொடுத்துக் கோச்சிங் எடுக்கலாமா என்றால், அந்தக் கம்பெனிகளில் தெரிந்தவர் ஒருவரும் இல்லாதவர் கடைசி இரண்டு வாரத்தில் ஒன்றிரண்டு மாக் (ஒத்திகை இன்டர்வியூ) மட்டும் வாங்கிக்கொள்ளலாம். மாதக்கணக்கில் பேக்கேஜ் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

அதற்கு முன்னால் காசில்லாத ஒரு வழி இருக்கிறது, கூச்சத்தில் யாரும் பயன்படுத்துவதில்லை. அழைப்பு வந்ததும், வேலை நெருக்கடி, இன்னும் இரண்டு வாரம் தள்ளி நேரம் தர முடியுமா என்று ரெக்ரூட்டருக்கு நான்கு வரி மெயில் போடுங்கள். எனக்குத் தெரிந்து கேட்டவர்களில் அநேகம் பேருக்குக் கிடைத்திருக்கிறது. கேட்டதற்காக யாருடைய பெயரிலும் கறுப்புப் புள்ளி விழுந்து நான் பார்த்ததில்லை.